பலகை மூக்குக் குத்தாமல் இருக்க: பின்னால் நகர்வதா, குறுக்காக இறங்குவதா?

நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் அலை பிடிக்கும்போது முனை தண்ணீருக்குள் குத்துகிறதா? இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அலை பலகையின் வாலைத் தூக்கும் நொடியில் ஒரு காலைப் பின்னால் வைத்து எடையை அதன்மேல் இறக்குவது. முனை எழும்பிவிடும். சிக்கலெல்லாம் நேரத்தில்தான். சீக்கிரம் நகர்ந்தால் வால் அமிழ்ந்து, பிரேக் போட்ட மாதிரி பலகை நின்றுவிடும். அலை அடியில் நழுவிப் போய்விடும். தாமதித்தாலோ முனை ஏற்கெனவே உள்ளே. துடுப்பை நிறுத்தாமல் கால் மாற்றப் பழகுங்கள். நான் அதிகம் தவறவிட்டது, கால் மாற்றும்போது போட வேண்டிய கடைசி இரண்டு துடுப்பு வீச்சுகளைத்தான்.

தாழ்வான, மெதுவான அலைக்கு இதுவே போதும். செங்குத்தான அலையில் போதாது. 10 அடிப் பலகை நேராக இறங்கினால் அதன் நீளம் அலையின் வளைவுக்குள் அடங்காது. எவ்வளவு பின்னால் நின்றாலும் முனை அடிவாரத்தில் மோதும். அங்கே இரண்டாவது வழிதான் சரி: அலை இன்னும் உடையாத பக்கமாக முனையைத் திருப்பிக் குறுக்காக இறங்குவது. மலைச்சரிவில் நேராக இறங்காமல் வளைந்து இறங்குவதுபோல, சரிவு குறைந்துவிடும்.

சென்னைக்குத் தெற்கே கோவளம் முனை போல அலை ஒரே பக்கமாக உடைந்துகொண்டு ஓடும் இடங்களில் இது அருமையாக வேலை செய்யும். முழு நீளத்துக்கும் ஒரேயடியாக மடியும் அலையில் திரும்ப இடமே இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கடைசி வீச்சுகளை இடப்பக்கம் போடுங்கள்.