ஓப்பன் சான்ஸ் போல்டு இட்டாலிக்: அச்சு வேலையில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி அச்சகங்களுக்கு டி.டி.பி. வேலை (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்து கொடுக்கும் நான், துண்டறிக்கை, விலைப்பட்டியல், கடைப்பலகை ஆகியவற்றின் ஆங்கில வரிகளுக்குப் பல ஆண்டுகளாக ஓப்பன் சான்ஸ் எழுத்துருவின் போல்டு இட்டாலிக்கையே (தடித்த சாய்வு வடிவம்) பயன்படுத்தி வருகிறேன். ஸ்டீவ் மேட்டிசன் வடிவமைத்து 2011இல் கூகுள் வழியாக வெளிவந்த இந்த எழுத்துரு வணிக வேலைக்கும் இலவசம் என்பது சிறு அச்சகங்களுக்குப் பெரிய வசதி. எனினும், நான் இதை விடாததற்குக் காரணம் இதன் சாய்வுதான்.

ஹெல்வெட்டிக்கா போன்ற எழுத்துருக்களில் சாய்வெழுத்து என்பது பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தையே பக்கவாட்டில் சாய்த்த வடிவம். ஓப்பன் சான்ஸில் நிமிர்ந்த வடிவத்தில் இரண்டடுக்காக (மேலும் கீழுமாக இரு பகுதிகளோடு) நிற்கும் சிறிய ‘ஏ’யும் ‘ஜி’யும், சாய்வில் கையால் எழுதுவதைப் போல ஒற்றை அடுக்காக மாறிவிடுகின்றன. தடித்த எழுத்தில் இது அழகுக்காக மட்டும் அன்று. எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் குறுகாமல் இருப்பதால், மட்டமான தாளில் மை சற்றுப் பரவினாலும் எழுத்து அடைத்துக்கொள்வதில்லை. கணினியில் இட்டாலிக் கோப்பு நிறுவப்படாமல், மென்பொருளே எழுத்தைச் சாய்த்துக் காட்டினால், அதையும் இந்த ‘ஏ’யைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: இரண்டடுக்கோடு சாய்ந்திருந்தால் அது போலி. பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சிக்கல் தொடங்குவது தமிழோடு சேரும்போது. ஓப்பன் சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதற்கு ஒத்துவரும் ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவை நிமிர்த்தியே வைக்கிறேன். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் தமிழைச் சாய்ப்பதில்லை. ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் நேர்கோடுகள் சரிந்து விழுவதைப் போலத் தோன்றும். மேலே இருக்கும் புள்ளி வலப்புறம் நகர்ந்து, அடுத்த எழுத்தின் கொம்பையோ சுழியையோ தொட்டுவிடும். அழுத்தம் வேண்டுமென்றால் தமிழுக்குத் தடிமனும் நிறமும் போதும்.

சென்னை விளம்பரங்களில் ஆங்கிலப் பெயரோடு ‘இல்’, ‘க்கு’ என்று வேற்றுமை உருபு ஒட்டி வருவது வழக்கம். பெயர் ‘எஃப்’ அல்லது ‘டி’யில் முடிந்தால், அதன் சாய்ந்த தலை நிமிர்ந்த தமிழ் எழுத்தின் மேல் இடிக்கும். ஒவ்வோர் இடத்திலும் கெர்னிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) கையால் தளர்த்த வேண்டியிருக்கிறது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் செய்யாவிட்டால் ஃபிளெக்ஸில் பெரிதாகும்போது அந்த இடிப்பு பளிச்சென்று தெரியும்.

ஓரிரு சொற்களுக்கும் விலைக்கும் இந்தப் போல்டு இட்டாலிக் மிகப் பொருத்தம். முழுப் பத்திக்கு உதவாது. நான்காவது வரியிலேயே கண் களைத்துவிடும். மின்னஞ்சல் முகவரிக்கும் நான் இதைத் தொடுவதில்லை, ஏனெனில் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘எல்’லும் ஏறக்குறைய ஒரே சாய்கோடாகத் தெரிகின்றன.