துணி டாப்பு வண்டியை வாட்டர் சர்வீஸில் விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் மஹிந்திரா தார், பழைய ஜீப் என்று துணி டாப்பு போட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து என் வண்டியின் கூரையை நானே கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உங்களுக்கும் அது நடக்க வேண்டாம்.

என்னுடையது மடக்கக்கூடிய துணிக் கூரை உள்ள தார். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். கோடை முழுக்கப் புழுதி, பறவை எச்சம், வேம்பின் பிசின் எல்லாம் சேர்ந்து கறுப்புத் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் சுத்தம் செய்து, தண்ணீர் இறங்காமல் இருக்க ஏதாவது பூசிவிடலாம் என்று செப்டம்பர் கடைசியில் பைபாஸ் பக்கம் ஒரு கடையில் விட்டேன். "டாப்புக்கு ஸ்பெஷல் கோட்டிங் இருக்கு சார், மூணு வருஷம் கேரண்டி" என்றார்கள். நம்பினேன்.

மதியம் திரும்பிப் போனபோது பையன் ஒருவன் பிரஷர் கன்னைத் துணியிலிருந்து அரை அடி தூரத்தில் பிடித்துத் தையல் ஓரமாகவே அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாளியில் துணி துவைக்கும் சோப்புத்தூள் நுரை. டயர் தேய்க்கும் முரட்டு பிரஷ்ஷால்தான் கூரையையும் தேய்த்திருந்தார்கள். தடுத்திருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று நின்றுவிட்டேன். பிறகு நல்ல வெயிலில், துணி ஈரம் காயும் முன்பே, டேஷ்போர்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு பளபளக்கும் எண்ணெயை ஸ்பாஞ்சில் தொட்டுப் பூசினார்கள். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார்கள். வண்டி புதுசு மாதிரி மின்னியது. பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றே வாரம். கண் அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறேன், கிரீன் சர்க்கிள் தாண்டியதும் மழை பிடித்தது. அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்த தையல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தவருக்கு என் சட்டையைக் கழற்றித் தலைமேல் பிடிக்கச் சொல்லிவிட்டு வீடுவரை ஓட்டினேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "துணின்னா ஒழுகத்தான் சார் செய்யும், மழையில வெளிய நிறுத்துனா நாங்க என்ன பண்றது?" என்றார்கள். கேரண்டி என்று கேட்டதற்குப் பில்லைப் பார்க்கச் சொன்னார்கள். பில்லில் இருந்தது 'வாட்டர் வாஷ்' என்ற இரண்டு சொல் மட்டும்.

அப்புறம்தான் வேலூர் சைதாப்பேட்டையில் குஷன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். லாரித் தார்ப்பாய் தைத்துப் பழகியவர். கூரையில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தார். நல்ல துணியில் அது தாமரை இலையில் போல உருண்டு ஓட வேண்டும். என் துணி அதை உறிஞ்சி இன்னும் கறுத்தது. நகத்தால் தையலைச் சுரண்டினார், நூல் பிசிறு பிசிறாக வந்தது.

"தம்பி, அந்தக் காலத்துல பருத்தித் தார்ப்பாய்க்கு மெழுகு ஏத்துவோம். அதைச் சோப்புப் போட்டு அடிச்சா மெழுகு போயிடும். இதுவும் அப்படித்தான். மேல இருந்த மருந்தைக் கழுவிட்டு எண்ணெயைத் தடவி அனுப்பியிருக்கான்."

"இப்ப வேற கோட்டிங் போட்டா நிக்குமா பாய்?" என்றேன்.

"எண்ணெய் இருக்கிற வரைக்கும் எதுவும் ஒட்டாது. முதல்ல அதை எடு."

அதற்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. காரம் இல்லாத, துணிக் கூரைக்கென்று விற்கும் ஷாம்பு, மென்மையான பிரஷ், நிழல். முதலில் காய்ந்த தூசியைத் தட்டிவிட்டுப் பிறகுதான் நனைத்தேன். நெசவு போகும் போக்கிலேயே லேசாகத் தேய்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நுரை துளியும் மிச்சமில்லாமல் அலசினேன். சோப்பு உள்ளே தங்கினால் அதுவே தண்ணீரை இழுக்கும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். ஒரு முழு நாள் மூடிய நிலையிலேயே காயவிட்டேன். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடித்துவிடும். தையலைப் பாய் மறுபடி ஓட்டி, மேலே சீலண்ட் தடவிக் கொடுத்தார். இரண்டாயிரத்து இருநூறு வாங்கினார், அது நியாயம்தான்.

பிளாஸ்டிக் ஜன்னல்தான் போனது போனதுதான். காய்ந்த தூசியோடு தேய்த்ததில் முழுக்கக் கீறல். இரவில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் அதில் பட்டால் ஒன்றும் தெரிவதில்லை. அதை நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஈரப் பருத்தித் துணியால்தான் தொட வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பக்கமே போகக்கூடாது.

சில இடங்களில் அடிப்பாகத்துக்கு டீசல் அடிப்பார்கள். அதன் சாரல் கூரைமேல் பட விடாதீர்கள், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. கோட்டிங் என்று யார் சொன்னாலும் டப்பாவை வாங்கிப் படியுங்கள். துணிக்கான நீர்த்தடுப்பு ஸ்ப்ரே காய்ந்த பிறகு பளபளக்காது. மின்னினால் அது உங்கள் துணிக்கானது இல்லை. என்ன பூசுகிறார்கள், எத்தனை நாள் கேரண்டி என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நான் எழுதி வாங்கவில்லை. 1915 எண்ணில் நுகர்வோர் புகார் பதிந்தபோதும் முதலில் கேட்டது அதைத்தான். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

ஸ்ப்ரே ஒரு கோட் அடித்தாயிற்று. நேற்றைய தூறலில் தண்ணீர் உருண்டது, தையல் ஓரம் மட்டும் கொஞ்சம் நனைந்தது. நாளை வானம் வெளுத்திருந்தால் அங்கே இரண்டாவது கோட் அடிக்க வேண்டும்.