சுற்றுச்சூழல் கொள்கை ஆலோசகராக எந்த வாசல் வழியே போவது? சென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

தமிழ்நாடு அரசில் சுற்றுச்சூழல் கொள்கை ஆலோசகர் என்ற பெயரில் தேர்வு அறிவிக்கை எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புக்கு யாரோ தரவு திரட்டித் தருகிறார்கள். அரசாணையின் வரைவைப் படித்துவிட்டு, இந்த வாசகம் களத்தில் செல்லாது என்று யாரோ எச்சரிக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் வெவ்வேறு வாசல்கள் வழியே உள்ளே போனவர்கள். சென்னையில் சுற்றுச்சூழல் அறிவியலோ பொறியியலோ படித்து முடிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பதும் அதைத்தான்: "மேடம், எந்த வாசலில் போய் நிற்பது?"

சம்பளத்தையும் பதவி உயர்வையும் வைத்து இதற்குப் பதில் சொல்லலாம். அவை முக்கியம்தான், கீழே அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு. ஒரு திட்டம் தவறு என்று உங்களுக்குத் தெரியவந்தால், அதை உங்கள் கையொப்பத்தோடு எழுதிவைக்க முடியுமா? எழுதிய பிறகு அடுத்த மாதமும் அதே வேலையில் இருப்பீர்களா? ஆலோசகரின் வேலையில் பாதி, வேண்டாம் என்று சொல்வது. அதற்கு இடமில்லாத நாற்காலியை எவ்வளவு உயரத்தில் போட்டாலும் எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை.

இன்று இளைஞர்களை அதிகம் இழுப்பது ஒப்பந்த ஆலோசகர் வேலை. 2021க்குப் பிறகு இதற்கான வாய்ப்புகள் பெருகின. சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்தது. தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் வந்தது. அதன் கீழ் காலநிலை மாற்ற இயக்கம், பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம் என்று அடுத்தடுத்துத் தொடங்கின. 38 மாவட்டங்களிலும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட காலநிலை இயக்கங்கள் அமைந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டமும் (ஃபெலோஷிப்) நடக்கிறது. அதில் தேர்வாகிறவர் இரண்டாண்டு காலம் மாவட்ட நிர்வாகத்தோடு இருந்து வேலை செய்கிறார். இருபத்தைந்து வயதில் செயலாளர் நடத்தும் கூட்டத்தில் உட்காரவும், உலக வங்கி ஆட்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கவும், அரசு எந்திரம் எப்படி நகர்கிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கவும் வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் வாய்க்காது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குறை, வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அரசுத் திட்டம் ஒன்றில் தொகுப்பூதியத்தில் இருந்தேன். கழிமுகம் ஒன்றைப் பற்றிய அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்துத் தரவு இல்லாமல் நீரோட்டத்தைப் பற்றி முடிவுக்கு வரக்கூடாது என்பது அதன் சாரம். அச்சாகி வந்த அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை. யாருக்கும் என்மேல் கோபமில்லை, யாரும் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பத்தியை நீக்கியதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதே கருத்தை ஒரு பிரிவு அலுவலர் கோப்பில் குறிப்பாக எழுதியிருந்தால் கதை வேறு. அதற்குப் பக்க எண் உண்டு, தேதி உண்டு. அதற்கு மாறாக முடிவெடுக்கும் மேலதிகாரி தன் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் நகல் கேட்டாலும் அந்தக் குறிப்பு வெளியே வரும். ஒப்பந்த ஆலோசகர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு அந்த ஆயுள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு எழுதுகிறவரின் பேனா தானாகவே மென்மையாகிவிடும்.

இதற்கு நேர் எதிரே நிற்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் அடிப்படையில் 1982 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் கிண்டியில், அண்ணா சாலை மேலேயே இருக்கிறது. உதவிப் பொறியாளராகப் போகலாம். வேதியியல், விலங்கியல் போன்றவற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் சுற்றுச்சூழல் விஞ்ஞானியாகப் போகலாம். கடந்த நேரடித் தேர்வு அறிவிக்கையில் இரண்டுக்கும் தொடக்க ஊதியம் 37,700 ரூபாய், அதற்குமேல் படிகள். முன்பு வாரியமே தேர்வு நடத்தியது. அரசு வாரியங்களின் பணியிடங்களையும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமே நிரப்ப வகைசெய்யும் சட்டம் 2022இல் வந்துவிட்டதால், இனி கண் வைத்திருக்க வேண்டியது தேர்வாணைய அறிவிக்கைகளில்.

கொள்கை எழுத ஆசைப்படுகிறவர் ஆலை ஆலையாக ஏறி இறங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஏறி இறங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மணலியிலோ அம்பத்தூரிலோ ஓர் ஆலையின் கழிவுநீர் வாயிலில் உதவிப் பொறியாளர் மாதிரி எடுப்பதைப் பாருங்கள். வெறுமனே பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட முடியாது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறபடி, பகுப்பாய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்று ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் கண்முன்னே மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் முத்திரை வைத்து, எடுத்தவரும் ஆலைக்காரரும் கையொப்பமிட வேண்டும். பிறகு குளிர்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு. அங்கே நீரில் எவ்வளவு மட்கும் கழிவு இருக்கிறது என்று காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்திருப்பார்கள். இந்த வரிசையில் ஒரு படி தவறினாலும், நீதிமன்றத்தில் அந்த மாதிரி சான்றாக நிற்காது. ஆறு எவ்வளவு கறுத்து ஓடினாலும் வழக்கு வெளுத்துவிடும். இதைக் கையால் செய்தவர் ஒரு விதியை வரையும்போது, அதை அமல்படுத்தப் போகிறவரின் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துத்தான் வரைவார்.

பிளாஸ்டிக் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2016 விதிகள் பைகளின் தடிமனுக்குக் குறைந்தபட்சம் 50 மைக்ரான் என்ற அளவை வைத்தன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொத்தவால் சாவடிக் கடையில் நின்றுகொண்டு 48 மைக்ரானையும் 52 மைக்ரானையும் கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது. 2018 ஜூனில் வெளியாகி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு அரசாணை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருள்களைத் தடிமன் எதுவாயினும் தடை செய்தது. தடை இன்னும் முழுமையாக வெற்றி பெறவில்லை என்பது எல்லோரும் அறிந்தது. ஆனாலும் 'தடிமன் எதுவாயினும்' என்ற இரண்டு சொற்கள், கடை வாசலில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதியை இல்லாமல் செய்துவிட்டன. ஒப்பந்த ஆலோசகருக்குப் பத்து நாட்டுக் கொள்கைகள் தெரிந்திருக்கலாம். இந்த இரண்டு சொற்களின் அருமை வாரியத்துக்காரருக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

இனி, நான் வைத்த அளவுகோல். இசைவாணை, அதாவது இயங்குவதற்கான வாரிய அனுமதி, கேட்டு வரும் ஆலையை நேரில் பார்த்து, பரிந்துரைக்கிறேன் அல்லது பரிந்துரைக்கவில்லை என்று எழுதுவது உதவிப் பொறியாளரின் அன்றாட வேலை. நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த உத்தரவு பெரும்பாலும் இந்தக் கள அறிக்கையில்தான் தொடங்குகிறது. எழுதியதற்காக வேலை போகாது, இடமாற்றம் வரலாம். சபலங்களும் வரும். அதை மறைத்து இந்த வழியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. இன்னொரு குறை, முதல் பத்தாண்டுகளில் கொள்கை பற்றி உங்களிடம் யாரும் கருத்துக் கேட்க மாட்டார்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் நிலைக்கு வந்த பிறகே குழுக்களுக்கு அழைப்பு வரத் தொடங்கும். அதுவரை ஆர்வம் அணையாமல் இருப்பது எளிதல்ல.

அதே ஆண்டுகளில் வாரியம் கற்றுக்கொடுக்கிற ஒன்று வேறெங்கும் கிடைக்காது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவது வாரியத்தின் பொறுப்பு. முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, ஆட்சியர் தலைமையில், சொல்லப்பட்டது எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்டது ஏன் என்பதை எண்ணூர், பழவேற்காடு மீனவர்களின் பேச்சைக் கேட்காமல் புரிந்துகொள்ள முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோதும், அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோதும், அந்த ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் கொள்கை அறிக்கைகளில் இருக்கும் கேள்விகளைவிடக் கூர்மையானவை. யார் முதலில் தகவல் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டார்கள்.

பணிப் பாதுகாப்பில் எல்லாவற்றையும் மிஞ்சுவது இந்திய வனப்பணி. 1966இல் அகில இந்தியப் பணியாக அமைந்தது. தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய். குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வே இதற்கும் பொது. முதன்மைத் தேர்வில் இரண்டு அறிவியல் விருப்பப் பாடங்கள், நேர்முகத்தையும் சேர்த்து மொத்தம் 1,700 மதிப்பெண். நாடு முழுவதற்கும் 2024இல் அறிவிக்கப்பட்ட இடங்கள் 150. தேர்வானாலும் தமிழ்நாடு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இங்கே வேண்டாம் என்பதற்கு அச்சிட்ட படிவமே இருக்கிறது. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கேட்கும் விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியை மாவட்ட வன அலுவலர்தான் நிரப்பித் தன் பரிந்துரையை எழுதுகிறார். மேலே என்ன முடிவானாலும் அது அழியாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக் காடானதும், 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்ததும் வனத்துறை வழியாகவே நடந்தன. வனப்பணி அதிகாரிகள் அயற்பணியில், அதாவது வேறு அலுவலகத்துக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டு, சுற்றுச்சூழல் துறை இயக்குநராகவும் வந்திருக்கிறார்கள். ஆக, நாற்காலியின் பலத்தில் இதற்கு இணை இல்லை. என் தயக்கம் ஒன்றே ஒன்று. இந்தத் தேர்வுக்காக அண்ணா நகர் விடுதி அறைகளில் ஐந்தாறு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, வேறு அனுபவம் எதுவும் இல்லாமல் முப்பதைத் தாண்டி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுதுங்கள், ஆனால் வேறொரு வேலையில் கால் ஊன்றிக்கொண்டு எழுதுங்கள்.

ஆராய்ச்சியில் மனம் உள்ளவர்களுக்குச் சென்னையில் இரண்டு மத்திய நிறுவனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தரமணியில் தேசியப் பல்லுயிர் ஆணையம், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நீடித்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, திட்ட அடிப்படையில்தான் பெரும்பாலோர் சேர்கிறார்கள். ஆனாலும் இங்கே ஒரு வரைபடக் கோடு, பெரிய அதிகாரி ஒருவரின் கையொப்பத்துக்கு நிகரான கனம் பெறும். பள்ளிக்கரணையில் ராம்சார் எல்லையைச் சுற்றி எதுவரை கட்டுமானத்தை அனுமதிக்கலாம் என்ற பிரச்சினை 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, அறிவியல் ஆய்வு முடியும்வரை எல்லைக்குள்ளும் ஒரு கிலோமீட்டர் சுற்றிலும் அனுமதி தர வேண்டாம் என்று உத்தரவானது. அந்த ஆய்வுக்காக எல்லோரும் எதிர்பார்த்தது கடற்கரை மையத்தைத்தான்.

தனியார் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் நன்றாக இருக்கும், வேலை சீக்கிரம் கிடைக்கும், அறிக்கை எழுதப் பழகுவீர்கள். அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே என்பதால், வேண்டாம் என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. இரண்டாண்டு இருந்து தொழில் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அரசுக்கு வெளியே நின்றுகொண்டு ஆலோசகராவதும் ஒரு வழிதான். வேலூர் தோல் ஆலைகள் வழக்கை நினைத்துப் பாருங்கள். பாலாற்றுப் படுகையின் மக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த அந்த வழக்கில்தான், 1996இல் உச்ச நீதிமன்றம், முழு நிரூபணம் வரும்வரை காத்திராமல் கேட்டைத் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் சொன்னது. அமைச்சரவைக் குறிப்பு எதுவும் செய்திருக்க முடியாத காரியம் அது. 2022இல் அமைந்த மாநிலக் காலநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழுவில், அரசுத் திட்டங்களை வெளிப்படையாக எதிர்த்துவந்த பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சுந்தர்ராஜனும் இடம்பெற்றார். வெளியில் இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல முழு உரிமை உண்டு, கேட்பார் இருப்பார்களா என்பதில்தான் உத்தரவாதம் இல்லை. மாத வருமானத்திலும் இல்லை. சட்டப் படிப்பும் சேர்ந்திருந்தால் இந்த வழி ஓரளவு உறுதிப்படும். சேப்பாக்கம் கலச மகாலில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கும் நகரத்தில் இருக்கிறோம் என்பது சென்னைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி.

வீட்டுப் பொறுப்பு தோளில் இருக்கும் இருபத்துமூன்று வயதுப் பட்டதாரி ஒருவர் இன்று என்னிடம் வந்தால், வாரியத் தேர்வுக்குத்தான் படிக்கச் சொல்வேன். அறிவிக்கை வரும்வரை புத்தாய்வுத் திட்டத்திலோ கடற்கரை மையத்தின் ஒரு திட்டத்திலோ சேர்ந்திருக்கலாம். ஏற்கெனவே வாரியத்திலோ வனத்துறையிலோ பத்தாண்டு கழித்தவர் காலநிலை நிறுவனத்துக்கு அயற்பணியில் போக வாய்ப்பு வந்தால், இரண்டாவது யோசனை வேண்டாம். களமும் தெரியும், திரும்பிப்போக இடமும் இருக்கும் என்பதால் அவர் சொல்லும் வேண்டாமுக்கு அங்கே கனம் இருக்கும். பணக் கவலை இல்லாதவர், கோபம் உள்ளவர், சட்டக் கல்லூரிக்குப் போகலாம்.

எந்த வழியானாலும் இந்த ஆண்டுக்குள் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழ்நாடு அரசின் இணையதளத்திலிருந்து இறக்கி, சென்ற ஆண்டுக் குறிப்போடு வைத்து வரிவரியாகப் படியுங்கள். சென்ற ஆண்டு அறிவித்த எது இந்த ஆண்டு காணாமல் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, திருவள்ளூர் மாவட்டத்தில் ஏதாவது ஒரு மக்கள் கருத்துக் கேட்புக்குப் போய், முதல் பேச்சாளர் தொடங்கிக் கடைசிப் பேச்சாளர் வரை இருந்து கேளுங்கள். அந்தக் கூட்டத்தின் பதிவு வாரிய இணையதளத்தில் வந்ததும், நீங்கள் கேட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் வாருங்கள், எந்த வாசல் என்று உட்கார்ந்து பேசலாம்.