மரக் குவளை வாங்குகிறீர்களா? பூச்சின் பெயரைக் கேளுங்கள்

கடைசல் மரக் குவளைகள் இரண்டு வாங்கி ஏமாந்திருக்கிறேன். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் சொன்ன வாசகத்தை அச்சுப் பிசகாமல் இன்னும் பலர் சொல்லி விற்கிறார்கள்: "நீர் புகாது, உணவுக்கு உகந்த இயற்கை எண்ணெய்ப் பூச்சு." அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததுமே தின்னர் வாடை. கேட்டதற்கு, "காற்றாட வையுங்கள், போய்விடும்" என்றார். பத்து நாள் வைத்தேன். வெளிப்புறத்தில் வாடை போய்விட்டது. குவளைக்குள் முகர்ந்தால் அப்படியே இருந்தது. உள்சுவரை விரலால் தேய்த்தால் பிசுபிசுத்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்றில் வெந்நீர் ஊற்றினேன். நீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அரை மணி நேரத்தில் மேசையில் ஈர வளையம். மூன்றாம் நாள் அடிப்பாகத்தில் முடியளவு விரிசல்.

கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடியின் நடுவில் மிளகளவு கரும்புள்ளி, அதைச் சுற்றி வட்ட வட்டமாக ரேகைகள். முழுக் கிளையை அப்படியே கடைந்திருக்கிறார். கிளையின் நட்டநடு மையம் அடியிலேயே இருந்தால், மரம் காயும்போது அங்கிருந்துதான் பிளக்கும். எந்தப் பூச்சாலும் அதைத் தடுக்க முடியாது. தவிர, இப்படிக் கடைந்த குவளையின் அடி முழுவதும் குறுக்குவெட்டு முகம். உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்றது. நீர் முதலில் இறங்குவது அந்த வழியாகத்தான்.

பூச்சின் பெயரை மூன்று முறை கேட்ட பிறகு டப்பாவின் படத்தை அனுப்பினார். முன்பக்கத்தில் 'டங் ஆயில் ஃபினிஷ்' என்று இருந்தது. பின்பக்கம் பார்த்தால் வார்னிஷும் கரைப்பானும். அசல் டங் எண்ணெய் என்பது வேறு, டங் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. இந்தப் பெயரில் வரும் சில டப்பாக்களில் அந்த எண்ணெய் பெயரளவுக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. வார்னிஷ் முழுதாக இறுகிவிட்டால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டால் ஒட்டாத நிலை வேறு, உள்ளே இறுகிய நிலை வேறு. பின்னதற்கு வாரக்கணக்கில் ஆகும். இவர் பூசிய மூன்றாம் நாளே அனுப்பிவிட்டதாக அவரே எழுதினார்.

அதன் பிறகு மற்றப் பூச்சுகளையும் விசாரித்துப் படித்தேன். தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சூடான பானத்துக்கு அது எப்படித் தாங்கும்? கனிம எண்ணெய் என்றுமே இறுகாது. வெட்டுப்பலகைக்குச் சரி, குவளைக்கு ஆகாது. அரக்குப் பூச்சியிலிருந்து வரும் அரக்கை (ஷெல்லாக்) மாத்திரைகளின் மேல்கூடப் பூசுகிறார்கள், ஆனால் வெந்நீர் பட்டால் வெளுக்கும், மதுவில் கரையும். 'காய்ச்சிய ஆளி விதை எண்ணெய்' என்று விற்பதில் பெரும்பாலும் காய்ச்சுவதில்லை. சீக்கிரம் உலர கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். எபாக்சி என்பது இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் செயற்கைப் பிசின், அந்த அளவு தவறினால் ஒருபோதும் முழுதாக இறுகாது. சூட்டையும் ஈரத்தையும் உண்மையிலேயே தாங்குவது ஜப்பானியர் உருஷி என்று சொல்லும் மரப்பால் அரக்கு. ஈரக் காற்றில் இறுகும் விந்தையான பொருள் அது. மெல்லிய படலங்களாகப் பல தடவை பூசி, ஒவ்வொன்றையும் இறுகவிட வேண்டும். அவ்வளவு உழைப்பு இருந்தால் விற்பவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஆகவே 'இயற்கை', 'பாதுகாப்பானது' என்ற சொற்களோடு நிறுத்தாதீர்கள். என்ன பூச்சு, எந்தத் தேதியில் கடைசிப் படலம் பூசப்பட்டது, சூடான பானம் ஊற்றலாமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அடிப்பக்கத்தின் படத்தையும் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். காரணம், குவளையில் தண்ணீர் ஊற்றிவிட்டேனாம். குடிப்பதற்கென்று விற்ற குவளையில் வேறு எதை ஊற்றுவது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

இன்னொரு குவளையை நான் நனைக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து நேற்று முகர்ந்து பார்த்தேன். வாடை மிகவும் குறைந்திருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தேன். அதன் அடியிலும் அதே கரும்புள்ளி.