பாசிக்குடா வெயிலில் வெள்ளை வைன்: எந்த மூடி தாங்கும்?

கொழும்பிலிருந்து நாட்டைக் குறுக்காகக் கடந்து நெடுந்தூரம் லொறியில் வரும் போத்தல்கள், கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் கிழக்குக் கரையின் பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஸ்டோருக்குள் இறங்குகின்றன. அந்த வெக்கையில் முதலில் சோதனைக்குள்ளாவது மூடிதான்.

இயற்கைத் தக்கையின் பழைய குற்றம் டிசிஏ என்ற, பூஞ்சணத்தால் உண்டாகும் இரசாயனம். லீற்றருக்கு 2 முதல் 5 நனோகிராம் இருந்தாலே, மழையில் நனைந்த காட்போட் பெட்டியின் வாடை வந்துவிடும். நம் கரையில் இன்னொரு குற்றமும் சேர்கிறது. 20 பாகையில் அடைத்த 750 மில்லி வைன் 40 பாகையில் 5 மில்லிக்கு மேல் பெருக்கும். தக்கைக்குக் கீழே இருக்கும் காற்றிடமோ ஏறத்தாழ 4 மில்லிதான். அழுத்தம் தக்கையை மேலே தள்ளும், ஓரத்தால் வைன் கசியும். இரவில் குளிர்ந்ததும் அதே வழியால் காற்று உள்ளே போகும். ஓக் மரப்பீப்பாயில் வைக்காத இளம் வெள்ளை வைன் பொன்னிறமாகி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் போல மணத்தால், நடந்தது இதுதான்.

திருகு மூடிப் போத்தலில் காற்றிடம் கூடுதலாக விடப்படுவதால் வைன் பெருக்க இடமுண்டு. ரீஸ்லிங், சொவிஞ்ஞோன் பிளாங் போன்ற வெள்ளை வைன் வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் 2000 ஆம் ஆண்டிலேயே கூட்டாக இதற்கு மாறினார்கள். காற்றை நிறுத்துவது அலுமினியம் அல்ல, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய தட்டு. வெள்ளீயம் சேர்ந்த தட்டு காற்றை அநேகமாக விடாது. வெள்ளீயம் இல்லாதது சிறிதளவு விடும். மிக இறுக்கமான மூடியில் சிலவேளை தீக்குச்சி, கூழ்முட்டை வாடை எழும். வைனை ஒரு ஜக்கிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு தரம் ஊற்றி 20 நிமிடம் விட்டால் தீக்குச்சி வாடை பெரும்பாலும் போய்விடும். கூழ்முட்டை போகாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

திருகு மூடியின் பலவீனம் அடிபடுவது. பெட்டி இறங்கியதும் மூடியின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். நசுங்கியிருந்தாலோ, கீழ்வளையத்தை இணைக்கும் சிறு பாலங்கள் அறுந்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ அதைக் களஞ்சியத்தில் வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் தக்கையை நல்ல வைனுக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். வெப்பம் ஏற ஏற அதனூடாக ஒட்சிசன் வேகமாகப் புகும். வைனின் வாசனையையும் அது உறிஞ்சும். வாங்கிய பருவத்திலேயே விற்றுத் தீர்க்கும் மலிவு வைனுக்குப் போதும். கண்ணாடி மூடி அழகு, கையாலேயே திறக்கலாம். ஆனால் அதற்கென்றே வார்த்த கழுத்து வேண்டும், விலையும் அதிகம். காற்றைத் தடுப்பது அதிலும் ஒரு பிளாஸ்டிக் வளையம்தான்.

ஓக்கில் வைத்த ஷார்டனே, நாலைந்து வருடம் வைக்க வேண்டிய பிரான்ஸின் பேர்கண்டி வெள்ளை வைன் என்றால் டியாம் என்ற தக்கை போட்டதைக் கேளுங்கள். அரைத்த தக்கைத் தூளை உயர் அழுத்தத்தில் வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள காபனீரொட்சைட்டால் கழுவி டிசிஏயை நீக்கி அச்சில் வார்த்தது அது. தக்கையில் பொறித்த 5, 10, 30 என்ற எண்கள் அத்தனை வருடத்துக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம். ஆனால் இதுவும் தக்கைதான், காற்றிடமும் அதே சிறியதுதான். வெக்கை தள்ளினால் எழும்பும். ஏசி நிற்காத அறையில் மட்டும் வையுங்கள். மின்வெட்டு நீண்ட கிழமையில் போத்தல்களை எடுத்து, உறைக்கு மேலால் தக்கையின் தலையைத் தடவுங்கள். கழுத்து விளிம்புக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் எழும்பியிருந்தாலும் அந்தப் போத்தலை அந்தக் கிழமையே திறந்து, சுவை பார்த்தபின் மேசைக்குக் கொடுங்கள்.