ஹட்டனில் நான் போகும் அடகுக்கடை: 5க்கு 3

கடையின் பேரைச் சொல்லப் போவதில்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி கொஞ்ச தூரம் நடந்தால் இப்படி நாலைந்து கடை வரும், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே போய் வருகிறேன், நகை வைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். வங்கியிலும் நகை வைக்கலாம், வட்டியும் குறைவுதான், ஆனால் வேலை நாளில் போய் வரிசையில் நின்றால் அன்றைய பேர் (ஒருநாள் வேலைக் கணக்கு) போச்சு, பேர் போனால் சம்பளம் போச்சு. டவுனுக்கு நாங்கள் இறங்குவதே ஞாயிறு தானே. கவுண்டரில் தமிழில் பேசுவார்கள். நிறுவை நம் கண் முன்னால், உரசிப் பார்ப்பதும் நம் முன்னால். அரை மணித்தியாலத்தில் காசு கையில்.

நான் முதலில் போனது 2022 ஆடி மாதம். நாத்தனாருக்கு அந்த வருஷத் தொடக்கத்தில் பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான், அதிகம் கேட்கவில்லை. ஆனால் கேட்டதைப் பவுண் கணக்கில் கேட்டார்கள், எங்களுக்குச் சம்பளமோ ரூபாய்க் கணக்கில் வருகிறது. பரிசம் போட்டபோது டொலர் 200 ரூபாய், மே மாதம் 360. தங்கமும் கூடவே ஏறிவிட்டது. பேசிய பவுண் அதே பவுண்தான், அதை வாங்கும் காசு மட்டும் எங்கேயோ போய்விட்டது. வார்த்தை கொடுத்த பிறகு பின்வாங்க முடியுமா? மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். சரி என்று நானே தாலிப் பொட்டைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு போனேன்.

இரண்டு பவுண் கொடிக்கு 180,000 கொடுத்தார்கள். அந்தக் காசில் நாத்தனாருக்கு ஒரு பவுணில்தான் சங்கிலி வாங்க முடிந்தது, மிச்சம் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிட்டது. மாதம் இரண்டரை வீதம் வட்டி, அதாவது 4,500 ரூபாய். அப்போது நாள் சம்பளம் 1,000. மாதத்தில் நாலரை நாள் கொழுந்து பறித்தது அந்தக் கடைக்காரருக்காக. (கயிற்றோடு திரிவது வெட்கமாக இருக்குமே என்று நினைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பார்த்தால் பாதிப் பேர் கழுத்தில் கயிறுதான், கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு கவரிங் செயின் காம்பரா காம்பராவாக, அறை அறையாகச் சுற்றும்.)

இனிக் குறை. அடகுச் சீட்டு எழுதும்போது அடையாள அட்டை கேட்டார்கள், வீட்டுக்காரர் தன்னுடையதை நீட்டினார், அவர் பேரிலேயே எழுதிவிட்டார்கள். நகை என்னுடையது, நானும் பக்கத்தில்தான் நிற்கிறேன், யாருடைய நகை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதேதோ இருக்கிறது, சிங்களமும் ஆங்கிலமும்தான், வாயால் தமிழில் பேசுகிறவர்கள் அச்சில் பேசமாட்டார்கள் போல.

வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாற்றி எழுதிக்கொண்டே வந்தோம். வட்டி கட்ட நான் தனியாகத்தான் போவேன், ஒருநாளும் ஐயா எங்கே என்று கேட்டதில்லை. 2025 பொங்கல் கழிந்து வீட்டுக்காரர் இனி வட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சீட்டை வாங்கிக்கொண்டார். பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன், அதை நினைத்தால் இப்போது சிரிப்புதான். எனக்குச் சீட்டுக் காசு (அடகுச் சீட்டு இல்லை, சேர்ந்து கட்டும் சேமிப்புச் சீட்டு) விழுந்தது, கொடியை மீட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை. அடகுச் சீட்டை போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் கடையில் காட்டினேன். கவுண்டர் தம்பி நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தச் சீட்டு முடிஞ்சது, ஐயா வந்து மேலதிகமா எடுத்து புதுசு போட்டிருக்கார்" என்றான். இன்னும் ஒரு இலட்சம்.

தங்கம் ஏறினால் நமக்கு நல்லது என்று நினைப்போம் இல்லையா? வைத்த நகைக்கு அது நல்லதே இல்லை. விலை ஏற ஏற அதே கொடிக்கு இன்னும் கூடக் கொடுக்கலாம் என்று கடையிலிருந்து போன் வரும், நகையை வெளியே எடுக்காமலே கடன் வளரும். போன் எந்த நம்பருக்குப் போகும்? சீட்டில் இருக்கும் நம்பருக்குத்தான்.

அவர் குடிக்கவோ சூதாடவோ இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 2022 தட்டுப்பாட்டில், கியூஆர் காட்டி அவருடைய ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீட்டர் பெட்ரோல் மட்டும் கிடைத்த காலத்தில் விழுந்த லீசிங் (வண்டித் தவணை) நிலுவை, இழுத்து இழுத்து வண்டியைத் தூக்கிப் போகும் நிலைக்கு வந்துவிட்டது. கேட்டிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. பத்து நாள் பேசாமல் இருந்தேன், ஒரே காம்பராவில் அது எவ்வளவு கஷ்டம் என்று இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடை முதலாளியிடம் சண்டை போட்டேன். "புருசன் பொண்டாட்டிதானே அக்கா, யார் பேர்ல இருந்தா என்ன" என்றார். அப்படியென்றால் என்னிடம் கொடுங்கள் என்றேன், அதற்கு மட்டும் ஐயாவின் அடையாள அட்டை வேண்டுமாம். கல்யாணமான பெண்ணின் சொத்து அவளுடையது என்று இந்த நாட்டில் 1923 இலேயே சட்டம் வந்துவிட்டது, அந்தக் கவுண்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் போனோம். 180,000 ஐக் கட்டி, மிச்ச ஒரு இலட்சத்துக்கு என் பேரில், என் போன் நம்பரோடு புதுச் சீட்டு எழுதச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எழுதித் தந்தார்கள், முதல் நாளே கேட்டிருந்தாலும் எழுதியிருப்பார்கள்.

போவதென்றால் பத்து மணிக்கு முன்னால் போங்கள், பிறகு பொகவந்தலாவை பஸ் வந்து கூட்டம் சேர்ந்துவிடும். உங்கள் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள், அவருடையதை அல்ல.