தண்ணீரில் கரையும் பென்சில்களோடு நான்கு ஆண்டுகள்

அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கியிருந்த நாட்களில்தான் தண்ணீரில் கரையும் இந்த வண்ணப் பென்சில்கள் என் கைக்கு வந்தன. கட்டிலோரம் வண்ணத்தட்டையும் தண்ணீர்க் குவளையையும் பரப்பிக்கொண்டு உட்கார முடியாது. ஃபேபர்-காஸ்டெல் ஆல்பிரெக்ட் டியூரர் வரிசையில் 12 பென்சில்கள், பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் ஒரு வாட்டர் பிரஷ், துடைக்கப் பழைய பருத்தித் துணி. பைக்குள் இவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே நின்ற வாதாமரத்தை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் அதையே வரையத் தொடங்கினேன்.

முதல் படம் சேறாகிவிட்டது. வாதா இலை உதிர்வதற்கு முன் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். அதைக் காட்ட, பச்சையின் மேல் சிவப்பைத் தேய்த்து மொத்தமாக நனைத்தேன், கிடைத்தது பழுப்பு. சாதாரண வண்ணப் பென்சிலில் மெழுகோ எண்ணெயோ நிறமியைப் பிடித்துவைத்திருக்கும். இவற்றிலோ பிணைப்புப் பொருளே தண்ணீரில் இளகுகிறது. 1931-இல் சுவிட்சர்லாந்தின் காரன் டாஷ் நிறுவனம் பிரிஸ்மாலோ என்ற தண்ணீரில் கரையும் பென்சிலைக் கொண்டுவந்த நாளிலிருந்து அடிப்படை இதுதான். நீர்வண்ணத்தில் தூரிகை எடுக்கும் அளவுதான் நிறம்; பென்சிலில் தேய்க்கும்போதே அளவு முடிவாகிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் அத்தனையும் சேர்ந்து கிளம்பும்.

இப்போது இலை முழுவதற்கும் மஞ்சளை மட்டும் மெல்லப் பூசி, நனைத்து, முழுதாகக் காயவிடுகிறேன். பிறகு ஒரு ஓரத்தில் பச்சை, எதிர் ஓரத்தில் சிவப்பு. நடுவில் விட்ட மஞ்சளின் மேல் ஈரத் தூரிகையால் ஒரே ஒரு இழுப்பு. இரண்டாவது முறை தொட்டால் கெட்டுவிடும். அந்த ஒற்றை இழுப்பில் சிவப்பு பச்சைக்குள் நுழையும் அழகுக்காகவே இந்தப் பென்சில்களை நான் விடவில்லை.

“கோடு கரையவே இல்லை” என்று பலர் வருந்துகிறார்கள். அழுத்தித் தேய்த்தால் எந்தப் பென்சிலின் கோடும் தங்கிவிடும். கோடே வேண்டாத இடத்தில், ஈரத் தூரிகையால் பென்சிலின் முனையைத் தொட்டு நிறத்தை எடுங்கள். வண்ணக் கட்டியிலிருந்து எடுப்பது போலவே வரும். பனிமூட்டம் வேண்டுமென்றால், நனைத்த காகிதத்தின் மேல் உப்புத்தாளில் முனையைத் தேய்த்துத் தூளை உதிர்க்கலாம். அகன்ற வானத்துக்கு மட்டும் இவை போதாது. எத்தனையோ முறை முயன்றும் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. அதற்கு நீர்வண்ணம்தான் சரி.

பெரும்பாலான பென்சில்களில் காய்ந்த பூச்சு மறுபடி நனைந்தால் இளகும். ஆனால் டெர்வென்ட் நிறுவனத்தின் இன்க்டென்ஸ் பென்சில் மை அடிப்படையில் செய்யப்பட்டது. முழுதாகக் கரைந்து காய்ந்துவிட்டால் அசையாது. அடுக்கடுக்காகப் பூசுபவர்களுக்கு அது நல்லது. தவறைத் தண்ணீரால் துடைத்தெடுக்க விரும்பும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

பென்சிலை விடக் காகிதத்துக்கே பணம் செலவிடச் சொல்வேன். ஜெராக்ஸ் தாள் நனைந்ததும் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் தாங்கும். ஆனால் மிகவும் சொரசொரப்பான தாளில் பென்சில் மேடுகளை மட்டும் தொட்டுப் பள்ளங்களை வெள்ளையாக விட்டுவிடும். நடுத்தரச் சொரசொரப்புள்ள தாளே பொருந்துகிறது. சென்னையின் மே மாதத்தில் பூச்சு கண்ணெதிரே காய்ந்து ஓரம் கோடாக நின்றுவிடுகிறது. அதனால் தாளை முதலிலேயே ஈரத்துணியால் ஒற்றிக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் அதே பூச்சு காய நெடுநேரம் ஆகிறது. அப்போதுதான் நிறங்கள் நன்றாக ஒன்றுகின்றன.

நிறம் மங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு வாங்கிய ஒரு மலிவான பெட்டியின் நிறங்களைத் தாளில் பூசி, பாதியை மூடி, நான்கு மாதம் ஜன்னலில் ஒட்டிவைத்தேன். இளஞ்சிவப்பும் ஊதாவும் ஏறக்குறைய மறைந்தே போயின. மண் நிறங்கள் அப்படியே இருந்தன. அம்மாவுக்கு வரைந்த ஒரு படத்தின் பூக்கள் அப்படித்தான் வெளிறின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சுவரில் மாட்டும் படம் என்றால், ஒளியைத் தாங்கும் அளவைப் பென்சிலின் உடலிலேயே குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

என்னிடம் மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சள் இருமுறை தீர்ந்துவிட்டது, வெள்ளை இன்னும் முழு நீளத்தில் இருக்கிறது. 36, 60 என்று பெரிய பெட்டிக்குப் போக வேண்டாம். தீர்ந்த நிறத்தை மட்டும் தனிப் பென்சிலாகத் தரும் கடை அருகில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.